மூன்று கேள்விக்குறிகள்

லானில்டுத் துறையில்
கடற்பாசிப் படகு ஒவ்வொன்றுக்கும்
எடைமேடை ஒரு வாக்கியம் கேட்கும்:
ஆள் யார், படகு எது, எத்தனை டன்.

பழைய நிரல்
வந்த பெயரை, வந்த எடையை
வாக்கியத்தோடு கோந்து போட்டு ஒட்டி
டேட்டாபேஸ் வாயில் திணித்துக்கொண்டிருந்தது.
கூல்வென் லெ ஃப்ளோ’ஹ் உறுப்பினராகும் வரை
ஒரு குறையும் இல்லை.

அவர் பெயருக்குள் ஒரு கொக்கி,
பாசியைச் சுருட்டி இழுக்கும் இரும்பைப் போலவே.
பிரெத்தோன் மொழியில் அது
தொண்டையின் அடியில் உரசும் காற்று,
நம் ஆய்தத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை.
டேட்டாபேசுக்கோ
மேற்கோள் முடிந்தது என்ற அடையாளம்.
அத்தோடு காதைப் பொத்திக்கொள்ளும்,
மிச்ச எழுத்தைப் பார்த்து முறைக்கும்.
பதினொரு நாள் பாசி
கணக்கில் ஏறவில்லை.

“கொக்கியை எடுத்துவிடலாமே” என்றார் கணக்காளர்.
“எடுத்தால் அது மேட்டுத்தெரு ஃப்ளோஷ்.
அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.”

இரவு நோல்வென் கெர்மாரெக் உட்கார்ந்தாள்.
வெளியே டீசல் வாடை, சாய்ந்த மழை.
ஒரே ஒரு வாக்கியம்,
பெயர் இல்லாமல், எடை இல்லாமல்,
மூன்று கேள்விக்குறிகள் மட்டும்.
டேட்டாபேஸ் ஒருமுறை படித்தது,
இலக்கணம் பார்த்தது,
எந்த வழியில் போவதென்று முடிவு செய்து
தயார் என்றது.
இனி அங்கே வந்து விழுவது எதுவானாலும்
சரக்குதான்; கட்டளை இல்லை.

சோதிக்க,
படகின் பெயர் கேட்ட இடத்தில்
‘அட்டவணையை அழி’ என்று அடித்தாள்.
அழியவில்லை.
அப்படியொரு படகு உண்டென்று
மரியாதையாகக் குறித்துக்கொண்டது.

காலையில் முப்பத்தெட்டுப் படகுகள்,
முப்பத்தெட்டுக்கும் அதே வாக்கியம்;
அது மறுபடி படிக்கவில்லை, யோசிக்கவில்லை.
கொக்கியோடு ஏறியது ஃப்ளோ’ஹ்.

வியாழக்கிழமை மூடுபனி.
அவர் வெறும் படகோடு திரும்பினார்.
எடை இல்லை என்பதால்
நிரல் எதையும் கொடுக்கவில்லை.
மூன்றாவது கேள்விக்குறியோ
முந்தைய படகு தந்ததை
இன்னும் கைக்குள் வைத்திருந்தது.
நாலே கால் டன்.

மாலை சீட்டோடு வந்து நின்றார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
இரண்டு தடவை வாசித்தார்.
“பெயர் நான்தான்.
பாசி நான் இல்லை.”

ஒவ்வொரு தடவையும் கையை உதறிவிட்டு வா என்று
ஒரு வரி சேர்த்தாள் நோல்வென்.
ஒன்றுமில்லை என்றால்
ஒன்றுமில்லை என்று
வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது அதற்கு.

மாதக் கடைசியில் கணக்காளர் கேட்டார்:
‘அட்டவணையை அழி’ என்றொரு படகு,
துறைக்கட்டணம் கட்டவே இல்லையே,
இன்னும் கரை திரும்பவில்லையா?