பன்னிரண்டாம் பக்கம்

மூன்று கிழமையாய்க் கைப்பைக்குள் இரண்டு தாள்கள்.
ஒன்று வழவழப்பு, குடை பிடித்த குடும்பம் சிரிக்கிறது.
மற்றது மங்கிய போட்டோக் கொப்பி;
சங்கத்தின் பெயரிலேயே ஓர் எழுத்துப் பிழை.

வட்டக்கச்சியில் இருந்து கரடிப்போக்குக்கு
போக ஒன்பது, வர ஒன்பது கிலோமீற்றர்.
பன்னங்கண்டி வெளியில் காற்று எனக்கு எப்போதும் எதிர்,
இரண்டு திசையிலும்.
மணல் டிப்பர் கடக்கும்போது ஹாண்டில் தானாகவே
வேலிப் பக்கம் திரும்புகிறது.
ஹாட்வெயார்க் கடையில் கணக்கு எழுதுகிறேன்.
ஆணியைக்கூட நிறுத்துவிட்டுத்தான் விலை சொல்லுவேன்.

முகவர் சத்தியசீலன் மேசையில் படிவத்தை விரித்தார்.
"வாகன இலக்கம்?"
இல்லை.
"எஞ்சின் இலக்கம்?"
குனிந்து என் முழங்கால்களைப் பார்த்தேன்.
அவருக்கும் சிரிப்பு வந்து
கோடு இழுத்துவிட்டார்.

ஆறாம் பக்கத்தில் ஓர் அட்டவணை.
ஒரு கண், ஐம்பது வீதம்.
பெருவிரல் இருபது. சுண்டுவிரல் நாலு.
முழங்காலுக்குக் கீழே ஒரு கால், ஐம்பது.
பவளராணிக்கு வாசித்துக் காட்டினேன்.
பொய்க்காலை மிதியில் ரியூப் துண்டால் கட்டிக்கொண்டு
வாய்க்கால் கட்டில் நாளும் என்னை முந்துகிறவள்.
"நான் பாதியாள் எண்டால்
நீ ஏனடி பின்னால வாறாய்?"

'ஏற்கெனவே உள்ள காயங்கள்' என்ற பெட்டியில்
ஒரு வரிக்குத்தான் இடம்.
என் இடது தோளில் இருக்கும் துண்டுக்கு அது போதும்.
எழுதினால், தோள் முழுவதும் ஒப்பந்தத்துக்கு வெளியே
என்றார் சத்தியசீலன், பேனாவைப் பார்த்துக்கொண்டு.
சரி, இனி வலப்பக்கமாக விழப் பழக வேண்டும்.

சங்கத்தின் செயலாளர் குணநாயகம் ஒட்டுப்போடுகிறவர்.
மாதம் நூறு ரூபா.
வளைந்தால் ரிம், கிழிந்தால் டயர்,
இரண்டு கிழமைக்கு அரைச் சம்பளம்.
"ஆஸ்பத்திரியில கிடந்தால் ஆள் மாறி ஆள் இருப்பம்."
எத்தனையாம் விதி அது?
"விதியில இல்லை பிள்ளை."
பெரிய அடி என்றால்?
பதில் சொல்லாமல் பம்மை அழுத்தினார்.
பெட்டியில் இருந்த காசு அறுபத்தோராயிரத்து நானூறு.
ஒரு தலைக்காயம் அதை ஒரு கிழமையில் குடித்துவிடும்.

இரவு விளக்கடியில் இருந்து கணக்குப் பார்த்தேன்.
மாடு எதிலே வரும்?
மாலையில் தார் சூடாக இருக்கிறதென்று
நடுவீதியில் படுத்திருக்கிற, லைட் இல்லாத மாடு.
நாய் துரத்தி நான் விழுந்தால் விபத்து;
நாய்க்குப் பயந்து நானே குதித்தால்?

இன்னொன்றும் இருக்கிறது, ஒருவரும் கேட்காதது.
போன மாரியில் இடித்தவள் நான்.
பிறேக் கட்டை நனைந்திருந்தது.
முட்டைக்காரர் தேவராசா மூன்று மட்டைகளோடு சரிந்தார்.
எழுபத்தொரு முட்டை.
மஞ்சள் தண்ணீர் வெள்ளத்தோடு வடிகாலுக்குள் போனது.
அவர் என்னை ஏசவில்லை,
மிச்சத்தை எண்ணத் தொடங்கினார்.
இரண்டு சம்பளத்தில் கொடுத்து முடித்தேன்.
இரண்டு தாளிலும் அவருக்கு ஒரு வரி இல்லை.

சங்கத்துக்கு ஒரு வருடச் சந்தாவைக் கட்டினேன்.
கொம்பனித் தாளை இன்னும் மடித்தபடியே வைத்திருந்தேன்.

நேற்று ஐந்தரைக்கு, தூறலில்,
சத்தியசீலன் வெளியில் நின்றார்;
மோட்டார் சைக்கிளின் பின்டயர் நிலத்தோடு.
கரியரில் ஏறச் சொன்னேன். முதலில் கூச்சப்பட்டார்,
பிறகு கைப்பையை மடியில் வைத்து ஒருபக்கமாக இருந்தார்.
நல்ல பாரம்.
டிப்பர் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது.
சீற்றுக்குக் கீழே ஸ்பிரிங்கை அவர் இறுக்கிப் பிடித்தது
எனக்கு முதுகில் தெரிந்தது.
பின்னால் ஏற்றப்படுபவருக்குக் காப்புறுதி இல்லை:
பன்னிரண்டாம் பக்கம், சிறிய எழுத்து.
நான் அதைச் சொல்லவில்லை.
அவருக்குத் தெரியாததா?

குணநாயகத்தின் கடையடியில் இறங்கினார்,
சேட்டை இழுத்துவிட்டார்.
"சங்கத்துக்கு மாசம் எவ்வளவு எண்டு சொன்னனீங்கள்?"

நான் அவருடைய பேனாவைக் கேட்டேன்.
சீற்றில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.
தாள் ஈரம். முதல் எழுத்து பதியவில்லை,
இரண்டாம் தரம் அழுத்தி எழுத வேண்டியிருந்தது.