களமா, குளமா

எதிர்வீட்டு சுக்கூர் மேல்
பேரூராட்சியில் புகார் எழுதிக் கொடுத்தவள் நான்தான்.
என் முருங்கையில் கேட்காமல் கம்பி கட்டியது ஒன்று.
ராத்திரி எட்டரைக்கு என் டிவிக்குள் புகுந்து
கதாநாயகி அழும்போதெல்லாம்
"சிக்யூ, சிக்யூ" என்று கூப்பிடுவது இரண்டு.
யாரைக் கூப்பிடுகிறார் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

புதுவயலில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்.
எங்கள் மில் முதலாளி வீட்டுக்கு
ஐந்து எழுத்தில் விலாசம் உண்டு,
அண்டாவில், சாக்கில், இரும்பு கேட்டில் வெட்டியிருக்கும்.
சுக்கூருக்கும் ஒரு விலாசம்,
டில்லியிலிருந்து வந்தது.
வீ யூ த்ரீ என்று தொடங்கும்.
மீதி இரைச்சலில் போய்விடும்.

கார்த்திகையில் காற்று வந்தது.
விடிந்தபோது மில் கூரைத் தகரம்
கண்டனூர் ரோட்டில் கிடந்தது.
கரண்டு இல்லை. டவர் இல்லை.
போன் எல்லாம் முகம் பார்க்கத்தான்.
முருங்கை விழுந்திருந்தது
அவர் கம்பியையும் இழுத்துக்கொண்டு.

"பொன்னழகக்கா, ஒங்க மாடியில
துணி காயப்போடுற குழாய் இருக்குல்ல?"
கேட்டுக்கு வெளியிலேயே நின்று கேட்டார்.
புகாரின் நகல் பீரோவில் இருந்தது.
மாடிச் சாவியைக் கொடுத்தேன்.

டிராக்டர் பேட்டரியைக் கழற்றி
தலையில் வைத்துக்கொண்டு வந்தான் சேவுகன்.
ரொட்டிக்கடை யாக்கோபு நைலான் கயிறு தந்தார்.
மூட்டை தூக்கும் பீகார்ப் பையன் ராம்லகன்
கயிறு இறுகும்வரை
மழையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
என்னிடம் என்ன இருந்தது?
எடைமேடையில் பதினாறு வருஷம்
கேட்டதைக் கேட்டபடி எழுதிய கை.
நெல் வரவுப் பேரேட்டைத் திருப்பி வைத்து
பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

வந்தது:
அறந்தாங்கிப் பக்கம் ரோட்டில் பதினோரு புளியமரம்.
போனது:
தேவகோட்டை ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் டீசல், இரண்டு பேரல்.
வந்தது:
பினாங்கிலிருந்து ஒரு மகன், அம்மா சாப்பிட்டாளா.
போனது:
மதுபனிக்கு, நாலு கை மாறி,
ராம்லகன் நன்றாக இருக்கிறான்.
அவன் நன்றாக இல்லை, காய்ச்சல்.
அதை எழுத வேண்டாம் என்றான்.

இரண்டாம் ராத்திரி, மணி ஒன்றே கால்.
பேச்சுக்கு அமுக்கினால் பல்பு மங்கும்,
விட்டால் எரியும்.
மணலை முறத்தில் தேய்க்கிற சத்தத்துக்குள்
ஒரு பெண்குரல், பிரசவ வலி என்றது,
ஊர்ப் பெயர் சொன்னது.
களத்தூர் என்று எனக்கு.
குளத்தூர் என்று சுக்கூருக்கு.
ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே.
இருப்பதோ ஒரே டிராக்டர்,
பேட்டரியை அதற்குக் கொடுத்துவிட்டால்
மறுபடி கேட்கவும் வழியில்லை.

மைக்கை வாங்கினேன். சட்டப்படி தப்பாம், பிறகு சொன்னார்.
"ஆத்தா, நெல்லு காயிற களமா,
தண்ணி நிக்கிற குளமா? ஓவர்."
இரைச்சல். இரைச்சல்.
பிறகு அந்தக் குரல், தெளிவாக:
"நெல்லு காயிற களம்தான்க்கா.
இப்ப அதுவும் குளம். ஓவர்."

பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தோம்.
இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தோம்,
சுக்கூர், நான், பேசாத பெட்டி.
"யாரைங்க கூப்பிடுவீங்க தினமும்?" என்றேன்.
"யாராச்சும்" என்றார்.

சேவுகன் விடிந்து வந்தான், இடுப்பு வரை சேறு.
"ரெண்டு உசுரும் இருக்கு" என்றான்,
டீ இருக்கா என்றான்.

பதின்மூன்றாம் நாள் கரண்டு வந்தது.
பேரேட்டைப் பார்த்த முதலாளி
பின்பக்கம் எது, முன்பக்கம் எது என்று
கொஞ்ச நேரம் குழம்பினார்.
முருங்கைப் போத்து ஒன்று நட்டிருக்கிறேன்,
கம்பி தாங்க மூன்று வருஷம் ஆகும்.
அதுவரை குழாய் மாடியிலேயே நிற்கட்டும்,
துணிக்கு வேறு கொடி கட்டிவிட்டேன்.

நேற்று எட்டரைக்கு
கதாநாயகி வாய் திறந்தாள், சுக்கூர் பேசினார்.
நான் எழுந்து போய்
சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.