ஐந்துக்கு மூன்று

புந்தா அரேனாஸ் துறைமுகத்தில் காற்று
ஆளை நேராக நடக்க விடாது.
நேர்காணலுக்கு வந்த பதினான்கு பேரும்
ஒரு பக்கம் சாய்ந்தபடியேதான் கதவைத் திறந்தார்கள்.

வேலை இதுதான்: கப்பலுக்குள் லாரிகளை ஏற்றி நிறுத்துவது.
எது முன்னால், எது பின்னால்,
ஆட்டு லாரி எங்கே, கேஸ் டேங்கர் எங்கே.
தப்பாக நிறுத்தினால் நீரிணையின் நடுவே
கப்பலும் இவர்களைப் போலச் சாயும்.

என் கையில் ஒரு தாள். ஏழு கட்டங்கள்.
தகவல் தொடர்பு. குழுவாக உழைத்தல். நேரம் தவறாமை.
மற்ற நான்கையும் இப்போது கேட்டால்
தாளைப் பார்த்துத்தான் சொல்வேன்.

"உங்கள் பலவீனம்?"
அளவுக்கு மீறி உழைப்பேன் என்றார் ஒருவர்.
அடுத்தவரும்.
அதற்கடுத்தவர் கொஞ்சம் யோசித்து
அதையே சொன்னார்.

எர்சிரா பாரியா. சால்மன் ஆலையில் பதினோரு வருடம்,
முள் எடுக்கும் மேசை.
விரல் நுனியில் ரேகை தேய்ந்துபோய்
வாசல் கருவிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை;
காவலாளி கையெழுத்து வாங்கி உள்ளே விட்டிருந்தார்.

"காது," என்றார். "இடது காது சரியாகக் கேட்காது.
அதனால் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பேன்.
சிலருக்கு எரிச்சல் வரும்."

'தகவல் தொடர்பு' கட்டத்தின் மேல் பேனா நின்றது.
குறையா, நிறையா?
ஐந்துக்கு மூன்று போட்டேன்.
மூன்று போட்டால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

முடிவில் வழக்கமான வரி:
"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?"

"இதற்கு முன் இந்த வேலையில் இருந்தவர் ஏன் போனார்?"

ஜன்னல் தகரம் படபடத்தது.
மேலாளர் ஓயார்சுன் தண்ணீர் குடித்தார்.
"சொந்தக் காரணம்," என்றேன் நான்.
"சொந்தக் காரணம்," என்று திருப்பிச் சொன்னார்,
சரியாகக் கேட்டதா என்று பார்ப்பதற்காக.

போன ஜூனில் சரிவுப் பாதையில் பனி கட்டியிருந்தது.
லாரி வழுக்கியதில் அவன் பாதம் போனது.
உப்புத் தூவச் சொல்லி
அவன் மூன்று முறை எழுதிக் கொடுத்த தாள்கள்
என் மேசை இழுப்பறையில், இந்த ஏழு கட்டத் தாள்களுக்கு அடியில்.

கூட்டிப் பார்த்தோம். அவருக்கு இருபத்திரண்டு.
முப்பத்தொன்று வாங்கியவனுக்கு வேலை.
நல்ல பையன், நேரத்துக்கு வருகிறான்.
எதைச் சொன்னாலும் "சரி" என்கிறான்.

இன்று காலை சரிவில் மறுபடியும் பனி.
இடது பக்கம் நிற்காதே என்று கத்துகிறேன்.
"சரி!"
கையை உயர்த்திக் காட்டுகிறான்.
என்ன கேட்டதோ.