நோக்கம்

மாதத்தின் முதல் ஞாயிறு
சமையல் மேசையில் வங்கித் தாளை விரிக்கிறேன்.
பருப்பு அவியும் நேரம்தான்
சங்கத்துக்கு நான் கொடுக்கும் நேரம்.
பொருளாளர் என்று பெயர். சம்பளம் இல்லை.

வூப்பர்ட்டால், பார்மன்.
முன்பு நாடா நெய்த தொழிற்சாலையில்
இரண்டாம் மாடி எங்கள் கலைக்கூடம்.
சன்னலுக்கு வெளியே ஆற்றுக்கு மேலால்
தண்டவாளத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு
ரயில் போகும்.
எங்கள் கணக்கும் அப்படித்தான் போகிறது.

ஐந்து யூரோ, யோகாம்பிகை.
விடியற்புறம் அலுவலகங்கள் துடைக்கிற காசு.
ஒரு மாதமும் தவறியதில்லை.
இருபது, இதயராஜ்.
கதவில் தன் பெயர் வேண்டுமென்றார்.
கதவு வீட்டுக்காரனுடையது என்றேன்.
அப்படியென்றால் கதிரையில் என்றார்.
அந்தக் கதிரையில் அவரைத் தவிர
எல்லாரும் இருந்து பார்த்துவிட்டார்கள்.
பெயரில்லாமல் ஐம்பது,
உறையில் போட்டுக் கதவிடுக்கால் தள்ளியது.
உறையில் ஏலக்காய் வாசம்.
யாரென்று தெரியும். சொல்லமாட்டேன்.

பிறகு,
ஏழு யூரோ ஐம்பது சதம்.
ஹெர் ஒஸ்டர்காம்ப், முதலாம் மாடி.
நோக்கம் என்ற இடத்தில் ஒரே சொல்:
கம்பளத்துக்கு.

அவரிடமிருந்து முதலில் வந்தது காசல்ல, கடிதம்.
செவ்வாய் ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை
தன் கூரைவிளக்கு ஆடுகிறதாம்.
எப்படி ஆடாமல் இருக்கும்?
பதினொரு பிள்ளைகள், இருபத்திரண்டு பாதங்கள்,
தையா தை, தையா தை,
நிரோஜினி ரீச்சரின் தட்டுக்கழி.
கம்பளம் விரிக்கலாமா என்று கேட்டேன்.
ரீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தா.
"பஞ்சுக்கு மேல் கால் பேசாது."

அதோடு கதை முடிந்தது. காசு முடியவில்லை.
மாதம் பிறந்தால் ஏழு ஐம்பது,
கம்பளத்துக்கு, கம்பளத்துக்கு.
அதற்கென்று தனி நிரல் கீறி
மூன்று வருடமாய்ச் சேர்த்து வைத்திருக்கிறேன்.
இருநூற்று எழுபது யூரோ,
எவரும் விரிக்கப்போகாத கம்பளம்.

கார்த்திகையில் ஹீட்டர் பில் வந்தது.
தலைவர் குலசேகரம் வாசித்துவிட்டுக்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
இலக்கம் மாறிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.
"அந்தக் கம்பளக் காசை எடுங்கோ பிள்ளை."
ஏலாது என்றேன்.
ஒருவர் ஒன்றுக்கென்று தந்ததை
இன்னொன்றுக்கு எடுக்க எனக்குக் கை வராது.
கூட்டத்தில் இரண்டு பேர் என்னோடு கதைப்பதில்லை.

மார்கழி முழுக்கக் கூடம் குளிர்ந்து கிடந்தது.
வெறுங்கால் வைக்க முடியாத தரை.
வகுப்பு இல்லையென்று
பெற்றோருக்கு நான்தான் செய்தி அனுப்பினேன்.
கீழே இருப்பவருக்கு யாரும் அனுப்பவில்லை.
நல்ல நித்திரை கொள்வார் என்று நினைத்தேன்,
கொஞ்சம் எரிச்சலோடு.

இன்றைக்குத் தை மாதக் கணக்கு.
ஐந்து, யோகாம்பிகை. இருபது, இதயராஜ்.
ஒஸ்டர்காம்ப்.
ஏழு ஐம்பது இல்லை. எழுபத்தைந்து.
புள்ளி தவறியதென்று
விரலை வைத்து இரண்டுதரம் பார்க்கிறேன்.
நோக்கம்:
செவ்வாய்க்கிழமைகளில் ஏன் சத்தமில்லை?

இதை எந்த நிரலில் போடுவது?
எங்கள் கணக்குக் கொப்பியில்
கேள்விக்கென்று ஒரு நிரல் இல்லை.

நாளைக்கு வேலை முடிந்து வரும்போது
அவருடைய மணியை அடிக்கவேண்டும்.
முதலில் மன்னிப்பா, நன்றியா,
கம்பளக் காசில் கூடத்தைச் சூடாக்கலாமா என்றா?
விளக்கு திரும்பவும் ஆடும் என்பதை
ஜேர்மன் மொழியில் எப்படிச் சொன்னால்
பயமுறுத்தலாய்க் கேட்காது?

குக்கர் கூவுகிறது.
இது எத்தனையாவது என்று
நான் எண்ணவில்லை.