கடைசிப் பத்தில் ஒரு மில்லிமீட்டர்

ஹெர்வன்டா போகும் கடைசி டிராம் ஓய்ந்த பிறகுதான்
எங்களுக்கு வேலை.
அதுவரை தரை நடுங்கும்.
தரை நடுங்கினால் கம்பி நடுங்கும்.
கம்பி நடுங்கினால் ஹில்க்கா என்னைப் பார்ப்பாள்,
டிராமை நான்தான் ஓட்டினேன் என்பது போல.

கம்பி என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்.
ஐந்து மைக்ரான் டங்ஸ்டன்.
இரண்டு ஊசிமுனைகளுக்கு நடுவே அதைப் பற்றவைக்கையில்
மூச்சை நிறுத்திக்கொள்வேன்.
ஒரு தும்மலுக்கு ஒரு நாள் போகும்.
இந்தக் குளிர்காலத்தில் ஆறு போயிற்று.

சூடேற்றிக் காற்றில் நிறுத்துகிறோம்.
காற்று வந்து சூட்டைத் திருடுகிறது.
களவு போனதை எடைபோட்டு
கள்ளன் எவ்வளவு வேகமாக நடந்தான் என்று சொல்கிறோம்.
எங்கள் சாஸ்திரம் அவ்வளவுதான்.

தகட்டுக்கு மேலே மெல்லிய பிளவு.
தாரை இறங்கி, மோதி,
சுவரை ஒட்டி இருபுறமும் படர்கிறது.
வெளிப்பக்கம், சும்மா இருந்த அறைக்காற்றைக் கையைப் பிடித்திழுத்துச்
சுழற்றி, கிழித்து, கொந்தளித்துக்கொண்டு.
உள்பக்கம், சுவரைத் தொட்ட இடத்தில்,
ஓர் இம்மியும் அசையாமல்.
அது விதி. அசையக் கூடாது.

தொழிற்சாலையிலிருந்து வந்த ரவுதியோவுக்கு
கொந்தளிப்பெல்லாம் வேண்டாம்.
தகிக்கும் கண்ணாடியை ஊதிக் குளிர்விக்கிறவர்.
"சுவரில் என்ன நடக்கிறது? அதை மட்டும் சொல்லுங்கள்"
என்றார் நவம்பரில், பூட்ஸிலிருந்து பனி உருகிக்கொண்டிருக்க.

சுவரில்.

கண்ணாடிக்குப் பதில் எஃகுத் தகடு,
முகம் பார்க்கும் அளவு மெருகு.
உருப்பெருக்கியில் கம்பி தெரியும்,
தகட்டுக்குள் அதன் பிம்பமும் தெரியும்.
இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவோ அதில் பாதி தூரம்.
ஹில்க்கா திருகைத் திருப்புகிறாள்.
ஒரு மில்லிமீட்டர். அரை.
கம்பியும் பிம்பமும் நெருங்குகின்றன,
பழைய கடன் ஒன்றைப் பற்றிப் பேச வருகிறவர்கள் மாதிரி.
கால். வேகம் குறைகிறது. குறைய வேண்டும்.
பத்தில் ஒன்று. குறைகிறது.
அதற்கும் கீழே

ஏறுகிறது.

"மறுபடி" என்றாள்.
மறுபடியும் ஏறியது.
எதுவும் அசையக் கூடாத இடத்தில் நின்றுகொண்டு
கம்பி சத்தியம் செய்கிறது: காற்று, காற்று.

"தௌனோ, விசிறி."
நிறுத்தினேன்.
சத்தம் அடங்கியதும்தான்
வெளியே பனிவாரும் வண்டி ஓடிக்கொண்டிருப்பது கேட்டது.
பத்து நிமிடம் காத்திருந்தோம்.
தாரை செத்துப்போய்ப் பத்து நிமிடம்.
திரையில் இன்னமும் வினாடிக்கு அரை மீட்டர்.

களவாணி காற்று இல்லை. சுவர்.
தொடாமலே,
முடியளவு இடைவெளிக்கு அப்பாலிருந்து கை நீட்டி
உறிஞ்சிக்கொண்டிருக்கிறது குளிர்ந்த எஃகு.
கம்பிக்குத் திருடன் முகம் தெரியாது.
இழந்தேன் என்பது மட்டும் தெரியும்,
எந்த இழப்பையும் காற்று என்றே எழுதும்.
சுவர் இருந்ததால்தான் இந்தச் சித்திரம்;
சித்திரம் கெட்டதும் சுவரால்தான்.

காலையில் ரவுதியோ தொலைபேசியில்:
"அந்த மூன்று புள்ளியை அழித்துவிட்டு
கோட்டைப் பூஜ்யத்தில் இறக்கிவிடுங்களேன்.
பூஜ்யம்தான் என்று உங்களுக்கே தெரியுமே."
தெரியும்.
தெரிவதும் அளப்பதும் ஒன்றில்லை என்று
அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன்.
"திருத்தச் சூத்திரம் ஒன்று இருக்கிறது, நான் அதை நம்பவில்லை"
என்று மட்டும் சொன்னாள்.
மூன்று புள்ளிகளையும் உள்ளே வெறுமையான வட்டங்களாகப் போட்டாள்.
கோட்டை அவற்றுக்கு முன்பே நிறுத்தினாள்.
அவருக்கு வேண்டியது
அந்தக் கோடு நின்ற இடத்துக்கு அப்பால் இருந்தது.

அன்றிரவு இன்னும் ஒரு முயற்சி.
தகட்டை இளஞ்சூடாக்கி.
திருகு, திருகு, அரைக்கால் திருகு.
கம்பி தன் பிம்பத்தைத் தொட்டது.
திரையில் ஒரு செங்குத்துக் கோடு, பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஒரு கணம் மட்டும்
தூரத்தில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஹில்க்கா குறிப்பேட்டில் ஏழு என்று எழுதினாள்.
நான் விளக்கை இழுத்து நுண்ணோக்கியின் மேல் வைத்தேன்.
முதல் டிராமுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.