லே கொடுங்கள்

வானொலியில் நான் தினமும் எடுக்கிற பிச்சை ஒன்றுதான்:
"இடப்பக்கம் லே கொடுங்கள்."
ஆங்கிலக் கப்பல்காரர்கள் அதை லீ என்று இழுப்பார்கள்.
ஃபெட்யே தீவில், எங்கள் வாயில், லே.

காற்று வந்து அறைகிற பக்கம் லோ.
அறை வாங்கிய உடம்புக்கு மறுபுறம்
ஒரு துண்டு அமைதி கிடக்குமே,
அது லே.
காபிக் கசடை அந்தப் பக்கம்தான் கொட்டவேண்டும்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
லோ பக்கம் கொட்டினேன்.
கண்ணாடி, புருவம், பல் எல்லாம் கசடு.
அதற்குமேல் அந்தச் சொல்லுக்கு
எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

டிசம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
வடமேற்கிலிருந்து காற்று,
பனி கீழே விழாமல் படுக்கையாகப் பறக்கிறது.
எண்ணெய்க் கப்பல் ஒன்று வெளியே நிற்கிறது,
ஒரு தெருவையே பெயர்த்து மிதக்கவிட்டது போல.
அதற்கு வழிகாட்டி வேண்டும்.
வழிகாட்டி என் படகில் உட்கார்ந்திருக்கிறான்,
பின் இருக்கையில், வார்ப்பட்டை மாட்டி, பேசாமல்.
ஹால்வார்.
செப்டம்பர் வரை என் புருஷன்.

பணிப் பட்டியல் போடுகிறவனுக்கு
மணமுறிவு ஒரு காரணமில்லை.

"இடப்பக்கம் லே கொடுங்கள்."
ஜார்ஜியாக்காரக் கப்பல் தலைவன் சரி என்றான்.
மூக்கைத் தென்மேற்கே திருப்பினான்,
மெதுவாக, மிக மெதுவாக,
கடல் முழுவதையும் தன் வலது விலாவில் வாங்கிக்கொண்டு.

நான் உள்ளே நுழைந்தேன்.
காற்று அறுந்தது.
பனி நேராகக் கீழே விழத் தொடங்கியது,
தேவாலய ஜன்னலுக்கு வெளியே விழுவது மாதிரி.
கண்ணாடி துடைப்பானின் சத்தம் அநாகரிகமாகக் கேட்டது.
துரு, வெள்ளை எண்கள், தொங்கும் கயிற்றேணி.

ஹால்வார் வார்ப்பட்டையை அவிழ்த்தான்.
"குன்வோர்,
அந்த வாஃபிள் இரும்பு ஒரு பக்கம்தான் சுடுகிறது."
அதற்காக எத்தனை கடிதம்!
அவன் வக்கீல், என் வக்கீல்,
கடைசியில் அவனே எடுத்துப்போன இரும்பு.
"பதினோரு வருஷமாக அப்படித்தான்" என்றேன்,
"நான் திருப்பிப் போட்டுச் சுடுவேன்."

சிரித்துவிட்டோம்.

எங்கள் மொழியில் லே என்றால் சிரிப்பது என்றும் பொருள்.
லோ என்றால் சிரித்தான், சிரித்தாள், சிரித்தார்கள்.
காற்றடிக்கும் பக்கம் எப்படி
இறந்தகாலத்துக்குப் போனது என்று
பள்ளியில் யாரும் சொல்லவில்லை.

அவன் குடித்த இரண்டு குளிர்காலம் நான் லோவில் நின்றேன்.
என் அம்மா செத்துக்கொண்டிருந்த வருடம்
அவன் நின்றான், அதையும் சொல்லவேண்டும்:
இரவுகளில் அவளைத் தூக்கி, கழுவி,
என்னைத் தூங்கவிட்டு.
பத்தொன்பது வருடத்தில் யார் யாருக்குச் சுவர் என்று
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

ஆனால் லே கொடுப்பவன் நழுவிக்கொண்டே இருப்பான்.
அதைத்தான் கரையில் இருப்பவர்கள் மறக்கிறார்கள்.
மொத்தக் காற்றையும் முதுகில் வாங்கும் கப்பல்
அங்குலம் அங்குலமாக நம் பக்கமே சாய்ந்து வருகிறது.
நமக்குப் பின்னால் பாறை.
லே பக்கம் கரை இருந்தால்
அதே சொல் சவப்பெட்டிக்காரன் சொல்.
நான்கு நிமிடம். மிஞ்சினால் ஐந்து.

ஹால்வார் முன்தளத்துக்குப் போனான்.
அலை எங்களைத் தூக்கிய உச்சியில்
ஏணியைப் பற்றினான்.
அவன் காலணியின் அடிப்புறம் தெரிந்தது,
இடது குதிகால் அதிகம் தேய்ந்தது,
எனக்குத் தெரிந்த தேய்மானம்.
மேலே ஒரு கை அவனை உள்ளே இழுத்தது.

"லே போதுமா?" என்றான் ஜார்ஜியாக்காரன்.
"போதும். நன்றி. உங்கள் பாதைக்குத் திரும்புங்கள்."

சுவர் நகர்ந்தது.
பனி மறுபடி படுத்துக்கொண்டது.
படகு ஒரு பக்கமாக எகிறியதில்
பின் இருக்கையின் வார்ப்பட்டைக் கொக்கி
கம்பியில் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டே வந்தது.
அவன் குடித்த கோப்பையில் பாதிக் காபி, ஆறிப்போய்.
துறைமுகம் திரும்பும் வழியில் ஜன்னல் தாழைத் தளர்த்தி,
கோப்பையைக் கையில் பிடித்தபடி
எந்தப் பக்கம் என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.