அரைப்பக்கம்

என் பெயரை மூன்று முறை அச்சடித்திருக்கிறது "ஓதம்".
மூன்று முறையும் பிழையாக.
பிறந்தபோது,
எங்கள் அணி ஒன்பது கோல் வாங்கியபோது,
கல்யாணத்தின்போது.
அந்த முறை மனைவியின் பெயரும் பிழை;
பொருத்தம் சரிதான் என்றாள் அவள்.

சிலேயின் தெற்கே, மழை விட்டால் செய்தியாகிற
புவெர்த்தோ கனேலோவுக்கு
வெள்ளிதோறும் எட்டுப் பக்கம்.
எல்லோரும் பின்னாலிருந்துதான் திறப்போம்.
கடல் எத்தனை மணிக்கு உள்வாங்கும்,
சிப்பி பொறுக்க எப்போது இறங்கலாம்.
அப்புறம் யார் செத்தது.
அப்புறம் யார் மாடு யார் வேலியை உடைத்தது.

ஐந்தாம் பக்கத்தின் கீழ்ப்பாதி மட்டும் மாறாது:
சால்மன் கம்பெனி விளம்பரம், வண்ணத்தில்,
சிரிக்கும் மீன்.
நான் அங்கே குடல் எடுக்கிறவன்.
பதினோரு வருஷத்தில் ஒரு மீனும்
என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

மார்ச்சில் கூண்டுகளில் மீன் செத்து மிதந்தது.
இரவில் லாரிகள் போயின,
குப்பைக்கிடங்குக்கு அல்ல, வடக்கு விரிகுடாவுக்கு.
நாற்றத்துக்குக் காவல் போட முடியாது.
எல்லோருக்கும் தெரிந்தது.
எல்லோருக்கும் தெரிந்ததாலேயே
யாரும் யாரிடமும் சொல்லவில்லை.
நான் கையைக் கழுவினேன். மறுபடி கழுவினேன்.

எதெல்மீரா கார்க்கமோ எழுதினாள்.
மூன்றாம் பக்கம், மாட்டுக்கும்
சர்ச் கூரை வசூலுக்கும் நடுவே, ஒன்பது வரி.
எந்த இரவு, எத்தனை லாரி, எத்தனை டன்.
நகராட்சியைக் கேட்டோம், பதில் இல்லை.
ஒரு உரிச்சொல்கூடக் கிடையாது.

கம்பெனி மறுப்பு அனுப்பியது:
ஊர்க்காரர் பெயரையே ஒழுங்காகப் போடத் தெரியாத பத்திரிகை
டன் கணக்கை எப்படி எண்ணும்?
அதையும் அப்படியே அச்சிட்டாள்.
விளம்பரம் நின்றது.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள்.
இருந்தது.
அரைப்பக்க அளவில், இத்தனை வருஷமாக, சிரித்துக்கொண்டு.

அந்த வெள்ளி ஐந்தாம் பக்கம் பாதி வெள்ளை.
ஓரத்தில் பொடியெழுத்து:
"இடம் காலி. வரிக்கு ஐந்நூறு பெசோ."

முதலில் போனது யாரென்று தெரியாது.
அடுத்த வாரம்:

"ரப்பர் பூட்ஸ், இடதுகால் மட்டும். விலை பேசலாம். நிபால்தோ."

"என் உருளைக்கிழங்கைத் திருடியவனுக்கு: மீதியையும் நீயே தோண்டு. எனக்கு முதுகுவலி."

"ரொசமேல், அன்றைக்கு நான் அடித்தது தப்பு. உன் தம்பி."

"விற்க ஒன்றுமில்லை. இருக்கிறேன் என்று சொல்லத்தான். ஓர்த்தென்சியா ஒயார்சூன்."

"வடக்கு விரிகுடாவில் சிப்பி பொறுக்குகிறவர்கள் நாங்கள்."
கீழே பத்தொன்பது பெயர்.
அதில் எத்தனை பிழையோ,
ஒருவரும் புகார் சொல்லவில்லை.

கம்பெனி கவிழ்ந்துவிடவில்லை.
நான் நாளைக்கும் வேலைக்குப் போகிறேன்.
ஜூனில் ஓர் ஆய்வாளர் வந்து
புட்டிகளில் தண்ணீர் பிடித்துப் போனார்.
முதல் பக்க மூலையில் வாரம்தோறும் ஒரு வரி:
"தண்ணீர் முடிவு வரவில்லை."
இது நாற்பத்தொன்றாவது வாரம்.
ரொட்டிக் கடையில் வணக்கத்துக்குப் பதில்
அதைத்தான் சொல்லிக்கொள்கிறோம்.

அந்த அரைப்பக்கத்தில் என் வரியும் இருந்தது,
இடதுகால் பூட்ஸுக்குக் கீழே:

"லாரியில் ஏற்றியவர்களில் ஒருவன். எண்ணிக்கை சரி."

எதெல்மீரா சில்லறையை எண்ணி வாங்கினாள்.
நிமிர்ந்து பார்க்கவில்லை.
ரசீதில் பெயர் எழுதும் இடம் வந்ததும்
ஒரு கோடு இழுத்தாள்.

என் பெயரை அவள் பிழையில்லாமல் எழுதியது
அந்த ஒரு தடவைதான்.